யார் வீட்டுக்குக் காவல்?

காத்திவாக்கம் ரயிலடியில் காலை அஞ்சரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற வண்டிக்கும் கடற்கரைப் பக்கம் போகிற வண்டிக்கும் காத்து நிற்கிற கூட்டத்தில் நீலச் சட்டைக்காரர்கள் இருப்பார்கள். தோளில் பட்டை, கையில் சோத்துப் பை. ராத்திரி ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவன் ஒருபக்கம், பகல் ஷிப்ட்டுக்குப் போகிறவன் ஒருபக்கம். செக்யூரிட்டி. அப்பன் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத்துக்குச் சாம்பல் அள்ளியவன். அதுவும் 2017இல் மூடப்பட்டது. மகன் இப்போது ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் நிற்கிறான். கேட்டைத் திறந்து விடுவான், மூடுவான். உள்ளே என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது.

இது புதுசு கிடையாது. களத்துமேட்டு நெல்லுக்கு ராக்காவல் யார்? தண்ணி பாய்ச்சலுக்கு, எல்லைக்கு, சுடுகாட்டுக்குக் காவல் யார்? பெரும்பாலும் சேரிக்காரன்தான். நெல் ஆண்டையோடது, காவல் நம்மோடது. மூட்டை ஒன்று குறைந்தால் முதலில் கட்டிவைத்து அடிக்கப்படுகிறவனும் அந்தக் காவல்காரன்தான். காவல் காக்கிறவனையே முதல் திருடனாகப் பார்ப்பது இந்தச் சாதிச் சமூகத்தின் பழைய புத்தி. இப்போது ஒரு புதுக் காவல் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசவேண்டும்.

இணையப் பாதுகாப்பு. நம்ம பசங்க வாயில் சைபர் செக்யூரிட்டி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் கணினிப் பொறியியலுக்குள்ளேயே இதற்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் எம்.எஸ்ஸி.யாகச் சொல்லித் தருகிறார்கள். கவுன்சிலிங் நேரத்தில் பஸ் முதுகெல்லாம் இந்த விளம்பரம்தான். பன்னிரண்டாவது முடித்த நம்ம வீட்டுப் பெண்ணும் பையனும், "அண்ணே, இதுல சேரலாமா, வேலை கெடைக்குமா?" என்று கேட்கிறார்கள். தோழர்களில் சிலர், "அதெல்லாம் பன்னாட்டுக் கம்பெனிக்குக் கூர்க்கா வேலை" என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். இன்னும் சிலர், "எதையோ படிச்சு எப்படியோ மேல வந்தா சரி" என்கிறார்கள். இரண்டுமே சோம்பேறித்தனமான பதில் என்பது என் கருத்து.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். படித்து முடித்தவுடன் பெரும்பாலானவருக்குக் கிடைப்பது கண்காணிப்பு மய்யத்தில் முதல் அடுக்கு வேலை. ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்களோ அமெரிக்க ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களோ அனுப்புகிற எச்சரிக்கைகள் திரையில் மழை மாதிரிக் கொட்டும். அதில் பெரும்பகுதி பொய் எச்சரிக்கை. எது பொய், எது மெய் என்று பிரித்து, சந்தேகமானதை மேலே இருப்பவருக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. அதனால் ஷிப்ட். தரமணியிலோ சோழிங்கநல்லூரிலோ அந்த வேலைக்கு நம்ம காத்திவாக்கத்துப் பெண் கடற்கரை நிலையத்தில் இறங்கி, பறக்கும் ரயில் மாறி, அதுக்கப்புறம் பஸ் பிடித்து, நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகவேண்டும். குளிர்சாதன அறை, கழுத்தில் அடையாள அட்டை, மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டில் நிற்கிற அண்ணனுக்கும் திரையில் நிற்கிற தங்கச்சிக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கிற நெல் யாருடையது என்பதை இரண்டு பேருமே தீர்மானிப்பதில்லை.

நம் நெல்லுக்கு யார் காவல்? 2021 ஜூனில் தமிழ்நாட்டு ரேஷன் விநியோகத் தரவிலிருந்து சுமார் 50 லட்சம் பேருடைய விவரங்கள், ஆதார் எண், செல்போன் எண் உட்பட, வெளியே கசிந்து கிடப்பதாக ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. ரேஷன் கடைப் பட்டியலில் யார் பெயர் இருக்கும்? பங்களாக்காரன் விவரம் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. நம்ம விவரம் கடை வாசலில் கொட்டிக் கிடக்கிறது. சாதிச் சான்றிதழ் கம்ப்யூட்டரில், உதவித்தொகை கம்ப்யூட்டரில், முதல் பட்டதாரிச் சலுகை கம்ப்யூட்டரில். ஒரு தலித் மாணவியின் சாதி, வருமானம், வங்கிக் கணக்கு, விடுதி முகவரி, போன் நம்பர் எல்லாம் ஒரே வரிசையில் அரசாங்கத்தின் ஏதோ ஒரு கணினியில் உட்கார்ந்திருக்கிறது. சாதி தெரிந்தால் வீடு தர மறுக்கிற ஊரில், சாதி தெரிந்தால் வெட்டுகிற ஊரில், அந்த வரிசை கசிவது வெறும் தொழில்நுட்பக் கோளாறா?

2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணினிகளை யாரோ பூட்டிப்போட்டார்கள். நாள்கணக்கில் எல்லாமே கையெழுத்துச் சீட்டில் நடந்தது. வரிசையில் நின்று காய்ந்தவர்கள் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வக்கில்லாத ஜனங்கள். 2017 ஜூனில் பம்பாய் ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையம் இதேபோல் வைரஸ் தாக்கி முடங்கியது. துறைமுகம் ஒருநாள் நின்றால் என்னாகும் என்று எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லருக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சோறாக்குகிற டிரைவரைக் கேளுங்கள், சொல்வார்.

அடுத்தது இந்தப் படிப்பில் மட்டும் நமக்கென்று வைத்திருக்கிற ஒரு பொறி. பூட்டு செய்யத் தெரிய வேண்டுமானால் பூட்டு உடைக்கத் தெரிய வேண்டும். இந்தத் தொழிலின் அடிப்படையே அதுதான். மயிலாப்பூர்ப் பையன் பத்தாவது படிக்கும்போதே பள்ளிக்கூட வலைத்தளத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் பத்திரிகையில் படம் போட்டு 'நெறிசார் ஹேக்கர்' என்பார்கள். எண்ணூர்ப் பையன் அதையே செய்தால்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66. அனுமதியில்லாமல் நுழைவதைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. நல்ல எண்ணத்தோடு ஓட்டையைச் சொல்ல வந்தவனுக்கென்று அதில் தனிப் பாதுகாப்பு எதுவும் எழுதிவைக்கவில்லை. அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982ஆம் வருசத்து 14ஆம் எண் சட்டத்தில் 2014இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கள்ளச்சாராயக்காரர், மணல் கடத்துகிறவர் வரிசையில் 'சைபர் சட்டக் குற்றவாளி'யும் சேர்க்கப்பட்டார். விசாரணையில்லாமல் ஒரு வருசம் வரை உள்ளே வைக்கலாம். குண்டர் சட்டம் யார் வீட்டுக் கதவை அதிகமாகத் தட்டுகிறது என்று வடசென்னைக்காரனுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இன்னொன்று. பாதுகாப்புத் துறையில் வேலைக்கு எடுக்கும்போது பின்னணி விசாரிப்பார்கள். காவல்நிலையச் சான்று கேட்பார்கள். தெருமுனையில் நாலு பேர் நின்று பேசினாலே சந்தேகக் கேஸ், எழுபத்தஞ்சு கேஸ் என்று பேர் எழுதிக்கொள்கிற ஸ்டேஷன்களுக்கு நடுவில் நம்ம பசங்க வளர்கிறார்கள். மாசக் கடைசியில் கணக்குக் காட்டப் போட்ட கேஸ் நாலு வருசம் கழித்து ஆபர் லெட்டரைத் தின்றுவிடும். பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லித் தருவதற்கு முன்னால், இயக்கத்து வக்கீல் தோழர்கள் இந்தப் பேட்டையில் உட்கார்ந்து பழைய சில்லறைக் கேஸ்களை முடித்துக் கொடுத்தால் அதுவே பெரிய வேலைவாய்ப்புத் திட்டம்.

தகுதி, திறமை என்ற பழைய பல்லவியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அய்.டி. கம்பெனிகளில் இடஒதுக்கீடு கிடையாது. அரசுத் துறைகளே தங்கள் கணினிப் பாதுகாப்பை வெளியாளுக்கு ஒப்பந்தத்தில் விடும்போது 18 சதமும் 1 சதமும் அந்த ஒப்பந்தக் காகிதத்திலேயே கரைந்துபோகிறது. துப்புரவை ஒப்பந்தத்தில் விட்டார்கள், கத்தினோம். இதையும் விடுகிறார்கள், நமக்குத் தெரியவே இல்லை. கடல் தாண்டிப் போனால் சாதி போய்விடும் என்று நினைப்பவர்கள், 2020 ஜூனில் கலிபோர்னியா அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கைப் படிக்கட்டும். ஒரு தலித் பொறியாளரை மேல்சாதி மேலாளர்கள் சாதி பார்த்து நடத்தினார்கள் என்பது புகார். 2023இல் அந்த இரண்டு மேலாளர்கள் மீதான பகுதியை அரசே கைவிட்டது, கம்பெனி மீதான வழக்கை விடவில்லை. உலகமெங்கும் வலையமைப்புக் கருவி செய்து விற்கிற கம்பெனி அது. நம்ம பசங்க முதல் பாடமாகப் படிப்பதே அந்தக் கம்பெனியின் பாடப் புத்தகத்தைத்தான்.

சான்றிதழ் வியாபாரம் தனிக் கதை. பட்டம் போதாது, அமெரிக்கச் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். இந்தத் துறையில் மதிப்புள்ளதாகச் சொல்கிற ஒரு செய்முறைத் தேர்வுக்கு, அதன் பயிற்சியோடு சேர்த்து, ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்குக் குறையாது. கழுத்தில் இருக்கிற தாலி அதற்குப் போதாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, படிக்காதே என்று சொல்லப்போகிறேனா? இல்லை. படிக்கத்தான் வேண்டும். ஏன் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

2015 ஜூன் 23. ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் படித்த தலித் இளைஞர். கூடப் படித்த கவுண்டர் சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்டக் கடிதமும் வீடியோவும் தயாராக இருந்தன. அந்தப் பெண் பிறகு நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி ஆனார். கோயில் கேமரா பிறழவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்ததையும், அவர்களைக் கூட்டம் மறித்ததையும், யுவராஜும் ஆட்களும் அங்கே இருந்ததையும் நிறுவ அந்தப் பதிவுதான் நின்றது. பத்துப் பேருக்கு 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள்தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு எதைக் கடித்தது? அந்தக் கேமராப் பதிவை. எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, யார் எடுத்தது, சான்று சரியா, நடுவில் யாராவது கை வைத்தார்களா? உயர்நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேர் 2023 ஜனவரியில் நேராகத் திருச்செங்கோடு மலைக்கே போய் கேமரா எங்கெங்கே இருந்தது என்று பார்த்தார்கள். அந்த வருசம் ஜூனில் யுவராஜ் மீதான தண்டனை உறுதியானது. ஒரு தாயின் கண்ணீரும் ப.பா. மோகனின் வாதமும் ஒரு டப்பாவுக்குள் இருந்த பதிவும் சேர்ந்துதான் அந்தத் தீர்ப்பு. அந்த டப்பாவை ஒழுங்காகக் கைப்பற்றாமல் விட்டிருந்தால்? எத்தனை ஊரில் எத்தனை டப்பா "அழிஞ்சுபோச்சு சார்" என்ற ஒரே வார்த்தையில் போயிருக்கும்?

கைநாட்டு என்று நம் தாத்தாக்களைக் கிண்டல் செய்தார்கள் அல்லவா. இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைநாட்டு உண்டு. கணக்குப் போட்டு எடுக்கிற நீளமான எண். 'ஹாஷ்' என்பார்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கைநாட்டு முழுக்க மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 63 இந்தக் கைநாட்டைச் சான்றிதழிலேயே எழுதக் கேட்கிறது, நிபுணர் ஒருவர் கையெழுத்தும் கேட்கிறது. வன்கொடுமை வழக்கு ஒவ்வொன்றிலும் செல்போன் வீடியோ, வாட்ஸ்ஆப் மிரட்டல், கடை வாசல் கேமரா. அந்த நிபுணர் கையெழுத்து யாருடையது? நம் பக்கம் நின்று குறுக்குக் கேள்வி கேட்க வக்கீலுக்குச் சொல்லித் தர யார் இருக்கிறார்கள்? விரல்விட்டு எண்ண வேண்டாம், விரலே தேவைப்படாது.

இரண்டாவது, பீமா கோரேகாவ். 1818 போரின் 200ஆம் வருச நினைவுக்குக் கூடிய தலித் மக்கள்மீது 2018 ஜனவரி 1இல் தாக்குதல் நடந்தது. பிறகு சிறைக்குப் போனவர்கள் யார்? நாகபுரி வக்கீல் சுரேந்திர காட்லிங், அம்பேத்கர் குடும்பத்து மருமகன் ஆனந்த் டெல்டும்ப்டே, நம்ம திருச்சி விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சாமி என்று பதினாறு பேர். முக்கிய ஆதாரம் கம்ப்யூட்டரில் இருந்த கடிதங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கிற ஆர்செனல் என்ற தடயவியல் நிறுவனம் ரோனா வில்சனின் வன்தட்டு நகலைப் பரிசோதித்து 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பைத் திறந்ததும் நெட்வயர் என்கிற உளவு மென்பொருள் உள்ளே புகுந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒருவன் ஒளிவுப் பெட்டி ஒன்றை உண்டாக்கி, கடிதங்களை அதில் போட்டுவைத்திருக்கிறான். அந்தப் பெட்டியை வில்சன் திறந்ததற்கே தடயம் இல்லை. கடிதங்கள் வேர்டு 2010, 2013 பதிப்புகளில் செய்யப்பட்டவை. அவர் கம்ப்யூட்டரில் இருந்ததோ வேர்டு 2007. இவ்வளவு சின்ன விசயம், பாருங்கள். டைப்ரைட்டர் எழுத்து தேய்ந்திருப்பதை வைத்துக் கள்ளக் கடிதம் கண்டுபிடிப்பார்களே, அதுமாதிரிதான். காட்லிங் கணினியிலும் அதே கை இருந்ததாக 2021இலும், ஸ்டேன் சாமி கணினியிலும் 40க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து வைக்கப்பட்டதாக 2022 டிசம்பரிலும் அதே நிறுவனம் சொன்னது. தேசியப் புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. அந்த அறிக்கை வந்தபோது கிழவர் செத்து ஒன்றரை வருசம் ஆகியிருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வன்தட்டைப் படிக்க ஏன் மாசசூசெட்ஸ் வரை போகவேண்டியிருந்தது? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை போட்டார். 1907இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' போட்டார். அச்சு அந்தக் காலத்துப் பெரிய தொழில்நுட்பம். அடுத்தவன் அச்சடித்துத் தருவான் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, எழுத்துக் கோர்க்கவும் நம் ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு இயக்கங்களின் நிலை என்ன? உறுப்பினர் பட்டியல், பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலம், நன்கொடை கொடுத்தவர் நம்பர் எல்லாமே ஒரு தோழரின் போனில். அந்தப் போனுக்குப் பூட்டு நாலு எண். அதுவும் அவர் மகள் பிறந்த வருசம். "உங்கள் பார்சல் நிற்கிறது" என்று இணைப்பு வந்தால் உடனே அமுக்கிப் பார்க்கிறோம். நமக்கு வராத விருந்தாளியா?

எண்ணூருக்குத் திரும்புகிறேன். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து மூச்சுமுட்டி எழுந்த ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அது விபத்து, யாரும் கணினி வழியாகச் செய்ததல்ல. ஆனால் இங்கே சுத்துப்பட்டு முழுக்க சுத்திகரிப்பு ஆலை, உரம், எரிவாயு முனையம், அனல்மின் நிலையம். வால்வைத் திறப்பதும் மூடுவதும் கணினி சொல்லி நடக்கிறது. 2017இல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலைக்குள் டிரைட்டன் என்ற மென்பொருள் நுழைந்தது. அது குறிவைத்தது ஆலையின் பாதுகாப்பு நிறுத்தக் கருவியை. அழுத்தம் கூடினால் தானே ஆலையை நிறுத்துகிற கருவி அது. தாக்கியவன் செய்த தப்பால் ஆலை நின்றுபோய்ப் பிழைத்தார்கள். கூடங்குளத்தில் 2019 அக்டோபர் 29இல் தாக்குதல் நடக்கவே முடியாது என்று அறிக்கை விட்டார்கள். மறுநாளே அணுமின் கழகம், நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் கிருமி இருந்தது உண்மைதான் என்றது. செப்டம்பர் 4ஆம் தேதியே அவர்களுக்குத் தெரியும்.

இப்படி ஒன்று இங்கே நடந்தால் முதலில் மூச்சு முட்டப்போவது குப்பத்துக்கும் சேரிக்கும்தான். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியோடு இறங்கி அள்ளியவர்களில் நம் பகுதி ஆட்களும் உண்டு. அள்ளுவதற்கு நம்மைக் கூப்பிடுகிறவர்கள் கட்டுப்பாட்டு அறைக்கு நம்மைக் கூப்பிடுவதில்லை. ஆகவே சைபர் செக்யூரிட்டி படிக்கிற தங்கச்சியிடமும் தம்பியிடமும் நான் சொல்வது: எல்லாரும் போகிற வங்கிக் கண்காணிப்புத் திரையை மட்டும் பார்க்காதே. ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் பாதுகாப்பு என்று தனித் துறை இருக்கிறது. ஆள் குறைவு. கருவி உன் வீட்டு வாசலில் இருக்கிறது. இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்த அண்ணன்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் பி.எல்.சி. என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள். இல்லையென்றால் தடயவியல் பக்கம் போ.

வெளி வேட்டைக்கும் இடமுண்டு. சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா 2019இல் இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல் மாற்ற அனுப்பும் ஆறு இலக்க எண்ணில் ஓட்டை கண்டார். மொத்தம் பத்து லட்சம் எண்கள்தான், நிறைய கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் அடித்தால் தடுப்பு வேலை செய்யாது என்று நிரூபித்தார். 30,000 டாலர் கொடுத்தார்கள். 2021இல் மைக்ரோசாப்ட் 50,000 டாலர். அந்த அறிக்கைக்கு எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. அது ஒரு நிம்மதி. ஆனால் கண்டால் காசு, இல்லாவிட்டால் இல்லை. துறைமுகத்தில் மூட்டைக் கணக்குக் கூலி மாதிரி. அதையே நம்பி வீட்டுக் கடனை அடைக்க முடியாது. அனுமதி அறிவித்திருக்கிற தளங்களைத் தவிர வேறெதிலும் கை வைக்காதே, 2014 திருத்தம் ஞாபகமிருக்கட்டும்.

நம் சேரிகளில் அம்பேத்கர் பெயரில் இரவுப் பள்ளிகள் நடந்தன, சில இன்னும் நடக்கின்றன. அங்கே கணக்கும் இங்கிலீசும் சொல்லித் தருகிற தோழர்கள் வாரத்தில் ஒருநாள் இதற்கு ஒதுக்கலாம். லினக்ஸ் இலவசம், வயர்ஷார்க் இலவசம், அய்.அய்.டி.காரர்கள் நடத்துகிற என்.பி.டி.இ.எல். பாடங்கள் பார்க்க இலவசம். பாடங்கள் இங்கிலீசில் இருக்கும், தமிழில் பேசிப் புரியவைக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பழைய லேப்டாப் நாலு தேறினால் போதும். முதல் வகுப்பை நம்ம போன்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். அந்த நாலு எண் பூட்டை முதலில் மாத்துங்க தோழர்.